அந்த ஜக்கெட் யாருடையது?

எர்லாங்கன், ஜேர்மனி,
புதன்கிழமை

அன்புள்ள மகள் ஆதிரைக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் இடுப்பை விட்டுப் பார்த்தால் இங்கே இரண்டு பேரும் சுகம். நீயும் அந்த நோர்வேத் தீவில் நேரத்துக்குச் சாப்பிட்டு, கால் நனையாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் எதைக் கேட்டாலும், ஒண்டுமில்லையம்மா என்று சொல்லி முடித்துவிடுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச ஏலாது. தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பத்தாம் வகுப்புவரை சனிக்கிழமை நித்திரையைக் கெடுத்துப் போனாய் அல்லவா, அந்தத் தமிழை வைத்து மெதுவாக எழுத்துக்கூட்டி வாசி.

இது பார்சலுக்குள் வரும். மிளகாய்த்தூள், அரிசிமா, பயற்றம்பணியாரம், நீ கேட்ட கைக்குப் பூசும் கிரீம் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். செப்டெம்பர் முடியும்வரைக்கும் காணும் என்று கணக்குப் பார்த்துத்தான் தூள் கட்டினேன். மிஞ்சினால் அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடு, திருப்பிக் கொண்டுவராதே. போன தடவை உன்னுடைய பெட்டிக்குள் தூள் கொட்டி, உடுப்பைத் தொட்டாலே தும்மல் வந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் யூனிவர்சிற்றியில் ஒரு புகைப்படப் போட்டி நடக்கிறதாம். கோடை விடுமுறையில் வெளிநாட்டுக்குப் பயிற்சி வேலைக்குப் போன பிள்ளைகள், வேலை செய்கிற இடத்தில் தாங்களும் தெரியும்படி ஒரு படம் அனுப்ப வேண்டுமாம். இணையத்தில் யாரும் வாக்குப் போடலாமாம். நீயும் அனுப்பியிருக்கிறாய். எங்களுக்கு ஒரு சொல் சொல்லவில்லை. தமிழ்ப் பள்ளிக்கூடத்துத் தலைமை ரீச்சர் ஞானமலர் அக்காதான் விடியக்காலமை போன் அடித்து, சுலோ, உன்ரை மகள் நோர்வேயிலை கப்பலுக்குக் கீழை நிண்டு சிரிக்கிறாள், பாத்தனீயோ என்று கேட்டார். பாத்தனான் என்று பொய் சொன்னேன். பெற்றவளுக்கே தெரியாது என்று எப்படிச் சொல்வது?

பிறகு பார்த்தேன். கரையில் ஏற்றி வைத்த பெரிய மீன்பிடிப் படகு. அதன் அடிப்பக்கத்தில் நீ நிற்கிறாய். கையில் குறடு மாதிரி ஏதோ, மூக்கில் கறுப்பு எண்ணெய். பக்கத்தில் வெள்ளைத் தாடியோடு ஒரு பெரியவர். நீ வாய் முழுக்கத் திறந்து சிரிக்கிறாய். மேல்வரிசையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறின அந்தப் பல்லும் தெரிகிறது. எங்கள் வீட்டு அல்பத்தில் இருக்கிற எந்தப் படத்திலும் அந்தப் பல் இல்லை. கமராவைக் கண்டால் உதட்டைச் சேர்த்து மூடிக்கொள்வாய், எத்தனை தடவை சிரி சிரி என்று கெஞ்சியிருப்பேன்.

அதுசரி, நீ போட்டிருக்கிற அந்த ஜக்கெட் யாருடையது? உன்னுடையது இல்லை. கை நீளம் விரலையும் தாண்டித் தொங்குகிறது. பக்கத்தில் நிற்கிற பெரியவர் வெறும் சேட்டோடு நிற்கிறார், அதனால் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். ஜூலை மாதத்தில் ஜக்கெட் போட வேண்டிய இடமா அது? உன்னுடைய குளிர்கோட்டு இங்கே வாசல் கதவுக்குப் பின்னால் கொழுவியபடி இருக்கிறது. செப்டெம்பரிலை வந்திடுவன், அந்தப் பாரத்தை ஏன் காவுவான் என்று நீதான் விட்டுவிட்டுப் போனாய். சொல்வழி கேட்காத பிள்ளை.

நீ கேட்காவிட்டாலும் நான் சும்மா இருப்பேனா? வாக்குச் சேர்க்க வெளிக்கிட்டேன். நம்முடைய ஆட்களைப் பற்றி உனக்குத் தெரியும். யாருக்காவது குழந்தை பிறந்தால் பார்க்கப் போக நேரமில்லை என்பார்கள், வாக்கு என்றால் எல்லாரும் எழும்பிவிடுவார்கள். ஞானமலர் அக்கா பெற்றோர் குழுவில் போட்டார். கோயில் மடப்பள்ளியில் வெள்ளிக்கிழமைச் சமையலுக்கு வந்த பெண்கள் கத்தரிக்காயை வைத்துவிட்டுப் போனை எடுத்தார்கள். உதைபந்தாட்டக் கழகத்துப் பெடியள் தங்கள் எதிரணிக்காரரிடமும் வாக்கு வாங்கினார்கள். இரண்டு நாளைக்குள் நீ முதலாம் இடம். இரண்டாம் இடத்தில் போர்த்துக்கல்லில் ஒரு பேக்கரியில் வேலை செய்த பெடியன், மாவுக்குள் முகம் மட்டும் தெரிய நிற்கிறான். படம் நல்ல படம்தான், பொய் சொல்லக்கூடாது.

ரொறன்ரோ வேதவல்லி மாமிக்கும் அனுப்பினேன். அதுதான் பிழையாகப் போனது. அப்பாவின் அக்கா என்றபடியால் அனுப்பாமலும் இருக்க ஏலாது. நான் எழுதினது, ஆதிரையின் நோர்வேப் படத்துக்கு ஒரு வாக்குப் போடுங்கோ என்று. மாமி அதை அனுப்பும்போது ஆதிரைக்கு நோர்வேயில் வேலை கிடைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். அது இரண்டு மூன்று குழு தாண்டிப் போனபோது நீ நோர்வேயில் கலியாணம் கட்டப் போகிறாய் என்று ஆகிவிட்டது. படத்துக்குக் கீழே தமிழில் திருமண வாழ்த்து எழுதியிருப்பதை நீ பார்த்திருப்பாய். மாப்பிள்ளை யார் என்று நினைத்தார்கள் தெரியுமா? அந்தத் தாடிக்காரர். என்னுடைய வயதுக்கு மேல் இருக்கும் அந்த மனிதனுக்கு! ஒருத்தி, வயசு கொஞ்சம் கூடத்தான், ஆனாப் பிள்ளைக்குப் பிடிச்சிருக்குப்போலை என்று என்னிடமே சொன்னாள். அவரிடம் இதைச் சொல்லிவிடாதே, பாவம், வேலையை விட்டுவிட்டு ஓடிவிடுவார்.

இவ்வளவும் செய்த எங்களில் ஒருவராவது அந்தப் பக்கத்தைக் கீழேவரை வாசிக்கவில்லை. வாக்குப் பொத்தான் மேலேயே இருக்கிறது, அமத்திவிட்டு வந்துவிட்டோம். எழுத்துச் சின்னதாக இருந்தால் நான் ஜேர்மன் வாசிப்பதில்லை, அது உன்னுடைய வேலை. கடைசியில் வாசித்தது பிருந்தா. நான் வேலை செய்கிற கன்ரீனில் சாப்பிட வருகிற அந்தச் சென்னைப் பிள்ளைதான், எஞ்சினியர், சாம்பார் வைக்கிற அன்றைக்கு மட்டும் இரண்டாம் தரம் வாங்குவாள் என்று சொல்லியிருக்கிறேனே. அவளிடமும் வாக்குக் கேட்டேன். நேற்று மத்தியானம் தட்டோடு வந்து, ஆன்ட்டி, போட்டுட்டேன், ஃபர்ஸ்ட் பிரைஸ் என்னன்னு பார்த்தீங்களா, அதே இடத்துல இன்னும் ஒன் இயர், ஃபுல் சேலரியோட, காலேஜும் லீவ் குடுக்குது, சூப்பர் ஆன்ட்டி, கங்கிராஜுலேஷன்ஸ் என்றாள். அவளுக்குப் போட வேண்டிய உருளைக்கிழங்கை அடுத்தவர் தட்டில் போட்டேன்.

ஒக்டோபர் முதலாம் திகதி தொடங்குமாம். அப்பாவின் இடுப்பு ஒப்பரேசன் ஒக்டோபர் நடுவில். நீ வந்துவிடுவாய் என்றுதான் அந்தத் திகதியையே எடுத்தோம். நீதானே போன் பண்ணி எடுத்தாய்.

உனக்குப் பரிசு என்னவென்று தெரியும். தெரிந்துதான் படம் அனுப்பியிருக்கிறாய், தெரிந்துதான் எங்களுக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறாய். உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் நான் வீடு வீடாகப் போய், என்னுடைய பிள்ளையை இன்னும் ஒரு வருடம் அங்கேயே வைத்திருங்கள் என்று கேட்டிருக்கிறேன், பார். எனக்கு ஆத்திரம் வந்தது. உன்மேலா, என்மேலா, ஞானமலர் அக்காமேலா என்று தெரியவில்லை. மூன்று பேர்மேலும்தான்.

அக்காவுக்குப் போன் அடித்து, காணும் அக்கா, இனி ஒருத்தரிட்டையும் கேக்க வேண்டாம், பிள்ளைக்கு வெக்கமாம் என்று சொன்னேன். நீ வெட்கம் என்று சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். அக்கா விடவில்லை. என்ன சுலோ கதைக்கிறாய், பாதியிலை விட்டா அந்தப் பேக்கரிப் பெடியன் வந்திடுவான் என்றார். வரட்டும் என்று மனதுக்குள் நினைத்தேன். கோயிலுக்குப் போய்ப் பிள்ளையாருக்கு முன்னால் நின்று, பேக்கரிப் பெடியன் வெல்ல வேண்டும் என்று கேட்டும்விட்டேன். அவனுடைய பெயர்கூடத் தெரியாது எனக்கு. பிள்ளையாருக்கு அவனை எப்படி அடையாளம் சொல்வது என்று தெரியாமல், மாவுக்குள் நிற்கிறவன் என்று சொன்னேன்.

இன்றைக்குப் பார்த்தேன், அவன் முன்னுக்கு வந்துவிட்டான். மனதுக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாவுக்குப் பரிசைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வாக்கெடுப்பு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்வரைதான், அதுவரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தால் சரி. அப்பா தேத்தண்ணி கேட்கிறார், மிச்சம் பிறகு.

ஞாயிற்றுக்கிழமை

மேலே எழுதினதைத் திருப்பி வாசித்தேன். கிழித்துவிட்டு வேறு எழுதலாமா என்று யோசித்தேன். கிடக்கட்டும், அதுவும் உன் அம்மாதான்.

வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் போய்க் காட்டுகிற தெர்மின் இருந்தது. மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர் முதலே கூப்பிட்டுக் கேள்வி கேட்பார் அல்லவா, அது. நீ அங்கேயிருந்து போனில் மொழிபெயர்க்கிறேன் என்று சொன்னாய். ஆனால் அந்த நேரம் நீ படகுக்கு அடியில் நிற்பாய் என்று தெரியும், கூப்பிடவில்லை. கேட்டால் சமாளித்தோம் என்று சொல்வோம் என்று நினைத்துக்கொண்டு போனோம்.

அப்பாவின் பழக்கம் உனக்குத் தெரியும். ஜேர்மன்காரர் எது கேட்டாலும் மரியாதைக்கு ஓம் போடுகிற மாதிரி யா, யா என்று தலையாட்டுவார். டொக்டர் புகைப்பீர்களா என்றார், யா. தினமும் குடிப்பீர்களா என்றார், யா. இதயத்தில் வருத்தம் இருக்கிறதா என்றார், அதற்கும் யா. டொக்டரின் முகம் வரவர இருண்டுகொண்டு போகிறது, இவர் நல்ல பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு இருக்கிறார். மயக்க மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று கேட்டதற்கும் யா என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். டொக்டர் பேனையை வைத்துவிட்டார். எழும்பி நின்று, நைன், நைன், அப்பிடியில்லை, இவர் எல்லாத்துக்கும் யா சொல்லுவார், நீங்கள் என்னைக் கேளுங்கோ என்று என்னுடைய கன்ரீன் ஜேர்மனில் சொன்னேன். டொக்டர் முதலில் முழித்தார், பிறகு சிரித்துவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார்.

விளங்காத இடத்தில் விளங்கவில்லை என்று சொன்னேன். திரும்பச் சொன்னார். திரும்பவும் விளங்கவில்லை என்றேன். கடதாசியில் இடுப்பெலும்பைக் கீறிக் காட்டினார். விளங்கவில்லை என்று சொன்னால் இவர்களுக்குக் கோபம் வரும் என்றுதான் நான் இவ்வளவு காலமும் உன்னை முன்னுக்கு விட்டுவிட்டுப் பின்னால் நின்றேன். அந்த மனிதனுக்குக் கோபம் வரவில்லை. ஒப்பரேசனுக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டார். நான் என்றேன். அதற்கும் அப்பா யா என்றார், அது ஒன்றுதான் உண்மை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். அப்பா போனை எடுத்து உன்னுடைய படத்தைப் பார்த்தார். அவருக்கு அதை நான்தான் அனுப்பியிருந்தேன். ஒழுங்காகப் பார்த்ததில்லைபோல இருக்கிறது. இரண்டு விரலால் பெரிதாக்கி, உன் முகம் மட்டும் தெரியும்படி வைத்துக்கொண்டு பஸ் வரும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பஸ்ஸுக்குள் ஏறி இருந்த பிறகு, இவளுக்கு இப்பிடிச் சிரிக்கத் தெரியுமோ என்று கேட்டார்.

வீட்டில் நீ எங்களுக்கு வருகிற ஜேர்மன் கடிதங்களை விரித்து வைத்துக்கொண்டு இருக்கும்போது உன் நெற்றி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கந்தோரில் அலுவல் பார்க்கிற அதிகாரி மாதிரி இருக்கும். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்று உன் வாயைப் பார்த்துக்கொண்டிருப்போம். அந்த முகத்தைத்தான் நாங்கள் உன்னுடைய முகம் என்று நினைத்திருக்கிறோம். பஸ்ஸுக்குள் எனக்கு அழுகை வந்தது, யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போதுதான் அப்பாவிடம் பரிசைப் பற்றிச் சொன்னேன். நான் வாக்குச் சேர்த்ததை நிப்பாட்டினதையும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. ஊரெல்லாம் கேட்டுத் திரிஞ்சனீ, நீ போட்டனீயோ என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் யோசித்தேன், நான் போடவேயில்லை. அவரும் போடவில்லை. எல்லாரையும் போட வைத்துவிட்டு, பெற்றவர்கள் இரண்டு பேரும் போடவில்லை!

சனிக்கிழமை சாப்பிட்ட பிறகு குசினி மேசையில் இருந்து போட்டோம். அப்பாதான் முதலில் போட்டார். போட்டுவிட்டுக் காட்டினார், பேக்கரிப் பெடியனுக்குப் போட்டிருக்கிறார். கண்ணாடி இல்லாமல் தவறுதலாக அமத்திப்போட்டன் என்கிறார். கண்ணாடி அவருடைய சேட்டுப் பையில்தான் இருந்தது. ஒரு ஈமெயிலுக்கு ஒரு வாக்குத்தான், திருத்த ஏலாது. பிறகு கொஞ்ச நேரம் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

நான் உனக்குப் போட்டேன். பேக்கரிப் பெடியனுக்கு அப்பா போட்டதை ஈடு செய்யவென்று மட்டும் இல்லை. உண்மையாகவே உனக்குத்தான் போட்டேன். போட்டுவிட்டு ஞானமலர் அக்காவுக்கு அடித்து, அக்கா, பிள்ளைக்கு இப்ப வெக்கமில்லையாம், இன்னும் ஒருக்காச் சொல்லுங்கோ என்றேன். உங்கடை வீட்டிலை என்னதான் நடக்குது என்று கேட்டார். கேட்டபடியே குழுவில் போட்டுவிட்டார். உதைபந்தாட்டப் பெடியளும் திரும்ப வெளிக்கிட்டார்கள். பிள்ளையாரிடமும் போய், அன்றைக்குக் கேட்டதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வாக்கெடுப்பு முடிந்துவிட்டது. யார் முன்னுக்கு நிற்கிறார்கள் என்று நான் பார்க்கவில்லை. முடிவு வருகிற கிழமையாம். இந்தப் பார்சல் உன்னிடம் வந்து சேரும்போது உனக்குத் தெரிந்திருக்கும்.

வேறு புதினம் என்று பெரிதாக இல்லை. நீ வந்து பார்ப்பாய் என்று ஃபிரிட்ஜுக்கு மேல் அடுக்கி வைத்திருந்த கடிதங்களை இன்று காலமை நானே உடைத்தேன். பாதி விளம்பரம். மிச்சத்தில் விளங்காத ஒன்றை நாளைக்குப் பிருந்தாவிடம் காட்டுவேன், அவளுக்கும் விளங்காவிட்டால் அந்தக் கந்தோருக்கே போய்க் கேட்பேன். ஒப்பரேசனுக்குப் பிறகு அப்பா ஒரு ஆறு கிழமை தடியோடு நடப்பார், சிடுசிடு என்று இருப்பார், சமாளிக்கலாம். நீ போன் எடுக்கும்போது அவர் உன்னுடன் கனக்கக் கதைக்காவிட்டால் மனதில் எடுக்காதே. அவருடைய வாக்கைப் பற்றி உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் சொன்னார். நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவர் அதை எவ்வளவு மனத்தோடு போட்டார் என்று உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதினேன். நீ கேட்டுவிடாதே.

பார்சல் ஏன் இவ்வளவு பெரிது என்று யோசித்திருப்பாய். திறந்தவுடன் மேலே உன்னுடைய குளிர்கோட்டு இருக்கும். கதவுக்குப் பின்னால் இருந்ததை எடுத்துத் தூசு தட்டி, அறுந்திருந்த பொத்தானைத் தைத்து வைத்திருக்கிறேன். தூளையும் பிரித்து, இன்னும் கூடப் போட்டுக் கட்டினேன். நீ தோற்றால் கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வா. எனக்கு அதுவும் சந்தோஷம், மறைக்க மாட்டேன். ஆனால் வென்றுவிட்டு, அப்பாவின் இடுப்பைச் சாட்டி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இங்கே வந்து நின்றாயோ, கதவைத் திறக்க மாட்டேன்.

பயற்றம்பணியாரத்தில் பாதியை அந்தத் தாடிக்காரப் பெரியவருக்குக் கொடு. அவருடைய ஜக்கெட்டை நல்லாகத் தோய்த்துக் காயவைத்து, அம்மா நன்றி சொன்னதாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடு. குளிரில் அவர் சேட்டோடு நிற்க வேண்டாம். நீ உன்னுடையதைப் போடு.

போகிற இடமெல்லாம் பிள்ளையார் துணை நிற்கட்டும். இனிமேல் யார் படம் எடுத்தாலும், எங்களோடு நின்று எடுத்தாலும், வாயை மூடாதே மகள்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா
சுலோஜனா விமலநாதன்